செவ்வாயும் வியாழனும்: ஒரு குடும்பக் கோப்பு

2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து பிரதேச செயலகத்துக்குக் கடிதம் ஒன்று வந்தது. தரம் 8 மாணவி, வயது 13, ஒரு தவணையில் 27 நாள் வரவில்லை. இலங்கையில் கட்டாயக் கல்வி வயது 2016இல் 14இலிருந்து 16ஆகக் கூட்டப்பட்டது. ஆகவே அதிபர் எழுதியதில் பிழையில்லை. கடிதத்தின் கடைசி வரியில் ‘பெற்றோர் அசிரத்தை’ என்று இருந்தது. இந்தக் கோப்பு முழுக்க நான் திரும்பத் திரும்ப வந்து நின்றது அந்த இரண்டு சொல்லில்தான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இங்கே வரும் குடும்பம் ஒரே குடும்பம் அல்ல. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த சில குடும்பங்களைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றி ஒரு வீடாக எழுதியிருக்கிறேன். பெயர் யாருக்கும் வைக்கவில்லை. வலிகாமத்தில் ஒரு மூலை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காக வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தேன். சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடு இந்த வீட்டுக்கும் போனேன். இரண்டு பரப்புக் காணி. வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு, முன் அறைக்கு இன்னும் பூச்சு இல்லை. படலைக்குப் பக்கத்தில் நீல நிறப் பிளாஸ்ரிக் பீப்பாய் ஒன்று, அதற்கு மூடியாக ஒரு தகரத் துண்டு, தகரம் பறக்காமல் இருக்க மேலே ஒரு கல்லு. தாய்க்கு 33 வயது. வலிகாமம் வடக்கு மக்கள் போரால் இடம்பெயர்ந்து முகாம்களுக்குப் போன 1990ஆம் ஆண்டுதான் அவர் பிறந்தது. முகாமில் வளர்ந்து, முகாமில் கலியாணம் கட்டி, முகாமிலேயே முதல் பிள்ளையைப் பெற்றவர். கணவர் மேசன் வேலைக்கென்று வேறு மாவட்டத்துக்குப் போய் அங்கே இன்னொரு குடும்பம் ஆகிவிட்டார். மூத்தவளுக்குக் கீழே 9 வயதில் ஒரு பொடியன், 4 வயதில் ஒரு சின்னவள். தாய்க்கு வெங்காயத் தோட்டத்தில் கூலி. தோட்ட வேலை இல்லாத நாளில் இரண்டு வீட்டில் முற்றம் கூட்டி, பாத்திரம் கழுவிக் கொடுப்பார்.

நாங்கள் பேச்சைத் தொடங்க முன்னரே அவரே சொன்னார்: “மிஸ், என்னால ஏலாது. பெரியவளையும் பொடியனையும் ஒரு சிறுவர் இல்லத்தில சேர்த்துவிடுங்கோ. மூண்டு நேரமும் சாப்பிடுங்கள், ஒழுங்கா பள்ளிக்கூடம் போகுங்கள். சின்னவளை நான் பாப்பன்.”

வடக்கில் இந்த வேலை செய்பவர்கள் எல்லோரும் இந்த வசனத்தைக் கேட்டிருப்பார்கள். வெளியில் இருப்பவர்கள் நினைப்பதுபோல இல்லங்களில் இருப்பவர்கள் எல்லோரும் அநாதைப் பிள்ளைகள் இல்லை. பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு உண்டு. யாரும் பிடுங்கிக்கொண்டு போவதில்லை. தாயே கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுகிறார். போரின் காலத்தில் உயிரைக் காக்க இல்லம் தேவைப்பட்டது. போர் முடிந்த பிறகும், கஷ்டம் என்றால் இல்லம் என்பது பழக்கமாகிவிட்டது.

அன்று மாலை நானும் படிவத்தை நிரப்பினேன். ‘தாயின் கவனிப்புப் போதாது, இல்லத்தில் அனுமதிப்பது பொருத்தம்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை இன்றும் வைத்திருக்கிறேன். அந்தப் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்துக்கு மூன்று கோடுதான் விட்டிருக்கிறார்கள். மூன்று கோட்டுக்குள் எழுதக்கூடியது அசிரத்தை மட்டும்தான்.

அதை நிறுத்தியது நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களத்து உத்தியோகத்தர் ஒருவர். ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடமே இருந்தவர். கூட்டத்தில் என் படிவத்தை வாசித்துவிட்டு, “தங்கச்சி, உள்ள விட ஒரு கடிதம் காணும். வெளிய எடுக்க மூண்டு வருசம் அலையவேணும். முதல்ல அந்த வரவு இடாப்பைப் பாத்திட்டு வாரும்” என்றார்.

சரி என்று போனேன். வகுப்பாசிரியை இடாப்பைத் திறந்து காட்டினார். 27 நாளையும் தேதி தேதியாகக் கொப்பியில் எழுதி, பக்கத்தில் கிழமையைப் போட்டேன். 12 செவ்வாய், 11 வியாழன். மிச்சம் 4 நாள் காய்ச்சல். அசிரத்தையான வீட்டுக்கு இவ்வளவு ஒழுங்கு எங்கிருந்து வந்தது?

மறுநாள் பிள்ளையிடமே கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “செவ்வாய் அம்மாக்கு மீற்றிங். வியாழன் தண்ணி வாறது” என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. ஒரு தவணையாக இந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டிருக்கவில்லை, நான் உட்பட.

செவ்வாய்

மீற்றிங் என்றால் குழுக்கடன் மீற்றிங். தாய்க்கு மூன்று நுண்கடன்கள் இருந்தன. முதல் கடன் மலசலகூடத்துக்குக் கதவும் ஓடும் போட. இரண்டாவது, முதலாவதைக் கட்ட. மூன்றாவது 2022இல், சாப்பாட்டுக்கு. அந்த வருடம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம் வரை போனது. கூலிக்குப் போகிற வீட்டில் அதற்கு அர்த்தம், அரிசியும் பாலும் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கூலி மட்டும் பழைய கூலி.

மூன்று கடனில் ஒன்றுக்கு ஒவ்வொரு செவ்வாயும் காலை அடுத்த ஊரில் ஒரு வீட்டு விறாந்தையில் கூட்டம். ஐந்து பேர் ஒரு குழு. ஒருத்தியிடம் காசு இல்லையென்றால் மற்ற நான்கு பேரும் போட வேண்டும். போடும் வரைக்கும் ஒருவரும் எழும்ப முடியாது. சில நாள் பத்து மணிக்கு முடியும், சில நாள் ஒரு மணி. சின்னவளைக் கூட்டிக்கொண்டு போனால் அழுவாள், லோன்காரர் முகம் சுழிப்பார். ஆகவே மூத்தவள் வீட்டில் நிற்பாள்.

2018இல் அரசாங்கம் யாழ்ப்பாணம் உட்பட வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட பெண்களின் நுண்கடன்களில் நீண்ட நிலுவையில் இருந்தவற்றைத் தள்ளுபடி செய்தது. இந்தத் தாய் அப்போது ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர். நிலுவை இல்லாததால் தள்ளுபடியும் இல்லை. இதை அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார்.

வியாழன்

குடியிருப்பில் இருக்கிற ஒரே பொதுக் கிணறு உவர். குடிக்கிற தண்ணீர் பவுசரில் (தண்ணீர் லொறியில்) வரும், வியாழக்கிழமைகளில், காலை எட்டுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எப்போதாவது. வீட்டில் ஆள் நின்று குழாயைப் பிடித்துப் பீப்பாயை நிரப்பாவிட்டால் அடுத்த வியாழன் வரை இல்லை. தாய் தோட்டத்தில். அதனால் மூத்தவள்.

ஒழுங்கையைக் கடந்தால் நாற்பது அடியில் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிறது. பெரிய வளவு, மதிலோடு கல்வீடு, பிள்ளைகள் எல்லாம் வெளிநாட்டில். அந்த வீட்டு அம்மா கெட்டவர் என்று நான் எழுத மாட்டேன். கேட்டால் தண்ணீர் கொடுப்பார். தானே அள்ளி, மதிலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களின் வாளிக்குள் வாளி முட்டாமல் ஊற்றுவார். அவருக்கு உடம்பு ஏலாத நாளில் தண்ணீர் இல்லை. கிணற்றுக் கட்டில் ஏறி அள்ள இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விடமாட்டார். இத்தனைக்கும் அந்த வீட்டின் பின் முற்றத்தில் பாத்திரம் கழுவுவது இந்தத் தாய்தான்.

வற்றாத ஆறே இல்லாத குடாநாட்டில் கிணறுதான் எல்லாம். அதனால்தான் சாதிச் சண்டைகள் பல கிணற்றடியில் தொடங்கின. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் இருக்கலாம் என்று வந்தபோது, அதற்காகவே சில பள்ளிக்கூடங்களை எரித்தார்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்து கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் தேநீர்க்கடையிலும் சாதி சொல்லித் தடுப்பதைக் குற்றமாக்கியது. சட்டம் வந்து பதினொரு வருடம் கழித்தும், 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போக மக்கள் வாசலில் போராட வேண்டியிருந்தது. இன்று வெளிப்படையாகத் தடுப்பது குறைவு. தன் வளவுக் கிணற்றில் யாரை அள்ள விடுவது என்பது வீட்டுக்காரர் பாடு, அதற்குச் சட்டம் ஒன்றும் செய்ய முடியாது.

முகாமில் யார் கடைசி வரை இருந்தார்கள் என்று பார்த்தாலும் இதே கணக்குத்தான். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எல்லோரும்தான் ஓடினார்கள். சொந்தக்காரர் வீடும், வேறு காணியும், வெளிநாட்டுக் காசும் உள்ளவர்கள் படிப்படியாக வெளியேறினார்கள். 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் இராணுவத்திடமிருந்து விடுவிக்கப்பட்ட காலத்திலும் சுன்னாகம், மல்லாகம் பக்கத்து முகாம்களில் எஞ்சியிருந்தவர்களில் பெரும்பகுதி காணியில்லாத கூலிக் குடும்பங்கள். அவர்கள் என்ன சாதி என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை. கேட்காமலே எல்லோருக்கும் தெரியும். “அந்தப் பக்கத்து ஆக்கள்” என்று சொன்னால் போதும்.

கணக்கில் வராதது

அமெரிக்காவில் இதே சிக்கலை இனத்தின் பெயரால் பேசுகிறார்கள். 2017இல் வெளியான ஓர் ஆய்வின்படி அங்கே கறுப்பினப் பிள்ளைகளில் 53 சதவீதத்தினர் 18 வயதுக்குள் ஒரு தடவையாவது சிறுவர் பாதுகாப்பு விசாரணைக்கு உள்ளாகிறார்கள். எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்தால் 37 சதவீதம். வறுமையைக் கவனக்குறைவு என்று எழுதுகிற வழக்கம் அங்கும் உண்டு. பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெருமளவில் வீட்டை விட்டுப் பிரித்த வரலாற்றுக்குப் பிறகுதான், பிள்ளையைச் சொந்தச் சமூகத்துக்குள்ளேயே வளர்க்க முன்னுரிமை தரும் சட்டம் 1978இல் வந்தது. 2023 யூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை நிலைநிறுத்தியது.

அவர்களால் இதைச் சண்டை பிடித்துப் பேச முடிவதற்கு ஒரு காரணம், எண்ணிப் பார்க்க முடிவது. இங்கே குடிசன மதிப்பீட்டில் இனம் கேட்பார்கள், மதம் கேட்பார்கள், சாதி கேட்பதில்லை. இல்லத்துப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே இல்லங்களில் எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கூட என்று என்னால் ஒரு எண்ணோடு சொல்ல முடியாது. நான் போன இல்லங்களில், பிள்ளைகள் சொன்ன ஊர்ப் பெயர்களில் முகாமாக இருந்த இடங்களும், காணியில்லாத கூலிக் குடியிருப்புகளும், மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்களின் கிராமங்களும் அடிக்கடி வந்தன. அவ்வளவுதான் என் சாட்சி.

இல்லத்துக்கு உதவுவதில் யாழ்ப்பாணம் கஞ்சத்தனம் காட்டுவதில்லை. பிறந்தநாள், திவசம், கலியாண நாள் எதற்கும் ‘ஒரு நேரச் சாப்பாடு’ கட்டுவார்கள். கனடாவிலிருந்து காசு வரும், இங்கே படம் எடுத்து அனுப்புவார்கள். அந்தக் கல்வீட்டு மகன்கூடத் தன் பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஒரு இல்லத்துக்குச் சோறு கொடுத்தவர். இந்த மூத்தவள் அந்த இல்லத்துக்குப் போயிருந்தால் அவருடைய காசில் சாப்பிட்டிருப்பாள். அவருடைய கிணற்றில் மட்டும் அள்ள முடியாது.

சிறுவர் மாற்றுப் பராமரிப்புப் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2009இல் ஏற்றுக்கொண்ட வழிகாட்டியில், வறுமை மட்டும் ஒரு பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்கக் காரணமாகாது என்று இருக்கிறது. பயிற்சிப் பட்டறைகளில் இதைச் சுவரில் போட்டுக் காட்டுவார்கள். நானும் குறிப்பு எடுத்திருக்கிறேன்.

செய்தது

இல்லத்துக் கடிதத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தோம். முதலில் தண்ணீர். பவுசர் நேரத்தை மாற்றக் கேட்டுப் பிரதேச சபைக்கு அலைந்தோம், சரிவரவில்லை. பிறகு ஒழுங்கைக்குப் பொதுவாக 1000 லீற்றர் தாங்கி ஒன்று வைப்பது என்று முடிவானது. பவுசர் வந்து தாங்கியை நிரப்பும், பின்னேரம் எல்லோரும் பிடித்துக்கொள்ளலாம். இதில் நான் விட்ட பிழை, தாங்கியை எங்கே வைப்பது என்று அங்குள்ளவர்களைக் கேட்காமல், சீமெந்துத் தளம் இருக்கிற வீடு என்று பார்த்து ஒரு வளவுக்குள் வைத்தது. இரண்டு கிழமையில் அந்த வீட்டுக்காரரின் தாங்கி ஆகிவிட்டது. பைப்புக்குப் பூட்டும் விழுந்தது. சண்டை வந்து, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் தலையிட்டு, ஒழுங்கை முடக்கில் புதிதாகத் தளம் போட்டு மாற்றினார்கள். சாவி தலைவியிடம் போகவில்லை. ஒருவரோடும் கோபம் இல்லாத ஒரு அம்மம்மாவிடம் கொடுத்தார்கள். அது அவர்களுடைய முடிவு. எனக்குத் தோன்றியிருக்காது.

கடன் விடயத்தில் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் தான் முன்னுக்கு நின்றவர். மூன்று கடனின் சிட்டைகளையும் தரையில் பரப்பி வைத்து அசல் எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று கூட்டினார். ஒன்றில் அசலைவிடக் கூடக் கட்டியாயிற்று. அதைக் காட்டிப் பேசி ஒரு கடனை முடித்தோம். ஒன்றை மாதத் தவணையாக மாற்றினோம். மூன்றாவது நிறுவனம் அசையவில்லை, செவ்வாய் மீற்றிங் தொடர்ந்தது.

அரசாங்கத்தின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவில் பெயர் வரவில்லை. 22 குறிகாட்டிகளை வைத்துக் குடும்பங்களைத் தரம் பிரித்தார்கள். இவரோ, முகாம் முகவரியில் தன் தாயின் குடும்பத்துக்குள் பதியப்பட்டிருந்தார். தனிக் குடும்பம் என்று காட்ட விதானையாரின் (கிராம உத்தியோகத்தரின்) கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கணக்கு எல்லாம் வேண்டும். பொடியனின் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அதை எடுக்க இரண்டு மாதம், மேன்முறையீட்டுக்கு அதற்கு மேல். கணவருக்கு எதிராக 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தாபரிப்பு வழக்கும் போட்டோம். கட்டளை கிடைத்தது. இரண்டு மாதம் காசு வந்தது, பிறகு நின்றது. நீதிமன்றத்துக்குப் போகிற ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போகும் என்பதால் தாய் அதை இழுக்க விரும்பவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

சின்னவளை முன்பள்ளியில் சேர்த்தால் மூத்தவளுக்குப் பாதிப் பாரம் குறையும். அடுத்த குறிச்சிச் சனசமூக நிலையத்தில் முன்பள்ளி நடக்கிறது. தாய் ஒரு தரம் போய்க் கேட்டு, “இடமில்லை எண்டு சொல்லிச்சினம்” என்று வந்துவிட்டார். நான் போன அன்று 14 பிள்ளைகள் இருந்தார்கள். கதிரை 25. ஆசிரியை இளம் பிள்ளை, நான் கதிரைகளை எண்ணுவதைப் பார்த்துவிட்டு முகம் சிவந்து, “எனக்கு ஒண்டும் இல்லை அக்கா, நிர்வாகம்தான்” என்றார். நிர்வாகத்தோடு நடந்த கூட்டத்தில் ஒருவரும் சாதி என்ற சொல்லைச் சொல்லவில்லை. துப்புரவு, பழக்கவழக்கம், மற்றப் பெற்றோரின் அபிப்பிராயம் என்று ஒரு மணி நேரம் போனது. கடைசியில் அந்த ஆசிரியைதான் எழும்பி, “பிள்ளையை நான் எடுக்கிறன். பிரச்சினை எண்டால் நான் நிக்கிறன்” என்றார். இரண்டு வீட்டார் தங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஒரு பிள்ளை அடுத்த மாதம் திரும்பி வந்தது. மற்றது வரவில்லை.

சமூகத்தைக் கொண்டு குடும்பத்தைத் தாங்குவது என்று நாங்கள் திட்ட அறிக்கைகளில் எழுதுகிறோமே, அந்தச் சமூகம் யார் என்று அந்த ஒரு மணி நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. கோயில், சனசமூக நிலையம், பழைய மாணவர் சங்கம், வெளிநாட்டு ஊர்ச் சங்கம் எல்லாவற்றுக்கும் காசும் மனமும் உண்டு. எல்லாவற்றுக்கும் வேலியும் உண்டு. வேலிக்கு உள்ளே ஒரு பிள்ளைக்குக் கஷ்டம் என்றால் ஊரே சேரும். வெளியே இருக்கிற பிள்ளைக்கு இல்லத்தில் ஒரு நேரச் சாப்பாடு.

மாலை வகுப்பிலும் இதுவே நடந்தது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் தன் விறாந்தையில் இலவசமாகப் படிப்பிப்பதாகச் சொன்னார், எங்களுக்குப் பெரிய சந்தோசம். ஒரு கிழமையில் மூத்தவள் நின்றுவிட்டாள். ஏன் என்று கேட்டால் தலையிடி என்றாள். தாய்தான் பிறகு சொன்னார்: தேத்தண்ணி கொடுக்கும்போது மற்றப் பிள்ளைகளுக்கு எவர்சில்வர் கப், இவளுக்கும் இன்னும் இரண்டு பேருக்கும் எறிகிற கடதாசிக் கப். ஒரு காலத்தில் தேநீர்க்கடைகளில் இவர்களுக்கென்று வேறாகப் பேணி இருந்தது. அது கடதாசியாகித் திரும்பி வந்திருக்கிறது. ஆசிரியையிடம் நேரே போய்ச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. நீண்ட நேரம் பேசாமல் இருந்தார். பிறகு வகுப்பைக் குடியிருப்புக்குள் வேப்பமரத்தடிக்கு மாற்றினோம். அவரே சைக்கிளில் வந்தார். மூன்றாம் மாதம் ஒரு மழை நாளில் இந்த வீட்டுக்குள் ஒதுங்கி, தாய் கொடுத்த பிளேன்ரீயைக் குடித்தார். அதைப் பெரிய புரட்சியாக எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனால் அந்த ஒழுங்கையில் அன்று பின்னேரமே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பார்க்காமல் விட்டது

மூத்தவளையும் சின்னவளையும் பார்த்துக்கொண்டிருந்ததில் நடுவில் இருந்தவனைக் கோட்டைவிட்டோம். பொடியனின் வரவு ஒழுங்கு, ஆகவே கோப்பில் அவனைப் பற்றி ஒரு வரிதான். ஐந்தாம் மாதம் வகுப்பாசிரியர் அவன் மேசையில் தூங்குவதாகச் சொன்னார். விசாரித்தால், விடிய நான்கு மணிக்கு மாமனோடு கரைக்குப் போய் வலையில் நண்டு கழற்றுகிறான். கையில் சின்னச் சின்னக் கீறல், உப்புப் பட்டு வெளுத்திருந்தது. ஒரு நாளைக்கு இருநூறு முந்நூறு ரூபா, அதைத் தாயிடம் கொடுப்பான். வேலைக்கமர்த்தும் குறைந்த வயது 2021இல் 16ஆக உயர்ந்தது. இவனுக்கு 9. தாய்க்குத் தெரியும். எங்களுக்குச் சொல்லப் பயம், சொன்னால் இல்லத்துக்கு அனுப்பிவிடுவோம் என்று. நாங்கள் அப்படித்தானே தொடங்கினோம்.

மாமனோடு சண்டை பிடிக்கவில்லை. அஸ்வெசும மேன்முறையீடு அந்த மாதம்தான் சரிவந்தது. வந்த முதல் காசைக் காட்டித் தாயே தன் தம்பியான அந்த மாமனிடம் பேசினார். இப்போது சனிக்கிழமை மட்டும் போகிறான். அதுவும் கூடாதுதான். கோப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்.

அடுத்த தவணையில் மூத்தவள் வராத நாள் 6. அதில் 4 செவ்வாய். கல்வீட்டுக் கிணறு அப்படியே இருக்கிறது. அந்த அம்மா முன்னைப்போலவே அள்ளி ஊற்றுகிறார், இப்போது கேட்கிறவர்கள் குறைவு.

கடைசியாகப் போனது ஒரு வியாழக்கிழமை, பத்து மணி இருக்கும். படலையைக் கயிற்றால் கட்டியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், வீட்டில் ஒருவரும் இல்லை. பீப்பாயை விரலால் தட்டிப் பார்த்தேன். நிறைந்திருந்தது.